சாவு வீட்டுக்கு ஆகாத தட்டு: பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்'

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழு 1975 செப்டம்பரில் வெளியிட்ட ஆல்பம் 'விஷ் யூ வேர் ஹியர்'. அதன் புது அச்சு எல்பி தட்டு இது. எடை 180 கிராம், இரண்டு பக்கமும் சேர்த்து 44 நிமிடம் ஓடும். விலை மூவாயிரத்துச் சொச்சம். வாங்கியது நான் அல்ல, பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். பார்சலில் அட்டையின் ஒரு மூலை நசுங்கி வந்ததில் அவனுக்கு மனசு ஒப்பவில்லை. வேறொன்று வரவழைத்துக்கொண்டு, "மாமா, இதை நீங்க வச்சுக்கங்க" என்று ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனான். அட்டை நசுங்கினால் பாட்டு நசுங்குமா என்ன?

நான் தர்மபுரியில் மைக் செட் வைத்திருப்பவன். அப்பா ஆரம்பித்த தொழில். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் போவோம். பென்னாகரம் பக்கம் முதல் காரிமங்கலம் வரை நம் குழாய் ஸ்பீக்கர் கட்டாத புளியமரம் குறைவு. அப்பா காலத்தில் தட்டுதான். மரப்பெட்டியில் அடுக்கி வைத்த சினிமாப் பாட்டும் கதை வசனமும் சைக்கிள் கேரியரில் ஊர் ஊராகப் போகும். எனவே தட்டைத் தொட்டுப் பழகிய கைதான் என் கை. ராக் சங்கீதம் அப்படியில்லை. மருமகன் போனில் போட்டுக் காட்டினால் கேட்பேன், அவ்வளவுதான். இங்கிலீஷ் படிப்பேன், பாட்டில் வரும் இங்கிலீஷ் காதில் சட்டென்று ஏறாது. அதனால் வரிகள் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே அர்த்தமும் போட்டுக் கொடுத்தான். இந்த விமர்சனத்தில் பாதி அவன் புண்ணியம்.

தட்டைக் கொடுக்கும்போது அவன் சொன்னது: "மாமா, இது செத்துப்போன ஃப்ரெண்டுக்காகப் பாடினது."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. சாவுப் பாட்டு எது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ சாவு வீட்டில் ராத்திரி முழுக்க ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விடியற்காலையில் எந்தப் பாட்டு, சம்பந்தி வீட்டார் மாலையோடு வரும்போது எது, எடுக்கிற நேரத்தில் எப்போது நிறுத்திவிட்டுத் தப்பு மேளத்துக்கு வழி விடுவது என்பதெல்லாம் கணக்கு உண்டு. இந்தத் தட்டைக் கேட்டு முடித்ததும், இது அந்தக் கணக்கில் வராது என்று தோன்றியது. விசாரித்துப் பார்த்தால் யாருக்காகப் பாடினார்களோ அந்த மனுஷன் அப்போது சாகவே இல்லை. இன்னும் 31 வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார்.

அவர் பெயர் சிட் பாரெட். கேம்பிரிட்ஜ்காரர். குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர், குழுவுக்குப் பெயர் வைத்தவர், 1967-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதிப் பாடியவர். போதை மருந்தும் மனநிலைக் கோளாறும் சேர்ந்து அவரைக் கலைத்துப்போட்டன. மேடையில் நின்றபடி வாசிக்காமல் விட்டுவிடுவாராம். 1968-இல் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு குழு பெரிய குழுவாகி, 1973-இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உலகம் முழுக்க விற்று, பணம் கொட்டியது. அதற்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் சோர்ந்து உட்கார்ந்திருந்த சமயத்தில் உருவானதுதான் இந்தத் தட்டு.

முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'. மொத்தம் 26 நிமிடம். அதை இரண்டாக வெட்டி, தட்டின் தொடக்கத்தில் பாதியும் கடைசியில் பாதியும் வைத்திருக்கிறார்கள். முதல் பாதியில் குரல் வருவதற்கே எட்டரை நிமிடம் ஆகிறது. நம் ஊரில் கல்யாணத்தில் இப்படி ஒரு பாட்டைப் போட்டால் மைக் செட் கெட்டுப்போச்சா என்று ஆள் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் வரும் அந்த மெல்லிய ரீங்காரத்தில், கண்ணாடிக் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி விளிம்பில் விரலைத் தேய்த்து எடுத்த ஒலியும் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்யப் பார்த்துப் பாதியில் கைவிட்டிருக்கிறார்கள். அதில் மிஞ்சியது இது. அதன் மேல் டேவிட் கில்மோரின் கிட்டார் நான்கே நான்கு சுரங்களை வாசித்துவிட்டு நிற்கிறது. பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அதே நான்கு. இந்தத் தட்டு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

வரிகளை எழுதியவர் குழுவின் பாஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸ். இளமையில் நீ சூரியனாக ஒளிர்ந்தாய், இப்போது உன் கண்ணில் வானத்துக் கருந்துளை தெரிகிறது என்று நேராக நண்பனைப் பார்த்தே பேசுகிறார். ஒப்பாரியும் இப்படித்தான். செத்தவரை 'அவர்' என்று சொல்லி அழுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. 'நீ' என்றுதான் பாடுவார்கள். முதலில் தங்கத்தேர், பவளத்தேர் என்று உசத்திவிட்டு, அப்புறம்தான் இறக்குவார்கள். அந்த அமைப்பு அப்படியே இங்கே இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் சாவுப் பாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் இரண்டாம் பாதியில் ஒரு வரி வருகிறது. நீ எங்கே இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியவில்லை, பக்கத்திலா தூரத்திலா என்றும் தெரியவில்லை என்பது அதன் சாரம். செத்தவன் எங்கே இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். சுடுகாட்டில் இருக்கிறான், மூன்றாம் நாள் பால் ஊற்றப் போகிறோம். எங்கே என்று தெரியாதவன் உயிரோடு இருப்பவன் மட்டும்தான். சிட் இருந்தது எங்கே? முகவரி தேடினால் கிடைக்கிற ஆள்தான். அந்த முகவரியில் போய்ப் பார்த்தால் பழைய ஆள் இருக்கமாட்டார் என்பதுதான் விஷயம். அதற்கு அடுத்தாற்போல், நானும் சீக்கிரம் அங்கே வந்து சேர்கிறேன் என்கிற தொனியில் இன்னொரு வரி. எனக்கு இந்தத் தட்டிலேயே பயம் தந்த இடம் அதுதான். நண்பனுக்கு இரங்குகிற மாதிரி ஆரம்பித்து, அந்தக் கிணற்றின் ஓரத்தில் தானும் நிற்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

இனி வருவது கதை மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது. 1975 ஜூன் 5. இதே பாட்டைக் கலவை செய்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் ஒரு ஆள் நிற்கிறார். குண்டான உடம்பு, மொட்டைத் தலை, புருவமும் மழித்திருக்கிறது. யாரோ ஸ்டுடியோ ஊழியர் என்று விட்டுவிட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அது சிட் என்று தெரிந்தது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்கிறார்கள். யாருக்காகப் பாடினார்களோ அவரே பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருக்கிறார், பாடியவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு நேர்மாறாகத்தான் பார்ப்போம். நிலத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி, அண்ணன் கிடையாய்க் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன், எடுக்கிற அன்றைக்கு முதல் ஆளாக வந்து பாடையைப் பிடித்துக்கொண்டு கதறுவான். நான் அங்கே பாட்டின் சத்தத்தைக் குறைப்பேன், அழுகை கேட்கட்டும் என்று. பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். அது நிஜ அழுகைதான். கேட்க வேண்டியவன் கேட்க முடியாத நாளில் வருகிறது, அதுதான் குறை. இந்த நான்கு பேரும் அழுகையை முன்னாலேயே அழுதார்கள். கேட்க வேண்டியவர் காது வரைக்கும்கூடப் போனது. அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. சிட் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, படம் வரைந்துகொண்டும் தோட்டம் பார்த்துக்கொண்டும் இருந்து, 2006 ஜூலை 7 அன்று தமது 60-ஆவது வயதில் இறந்தார்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். "மாமா, நீங்க ரொம்ப யோசிக்கறீங்க" என்றான். தகடூர்க்காரனிடம் சொல்லுகிற பேச்சா இது! தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் ஆண்ட ஊர். அதியமானுக்கு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுகள், அதாவது இறந்தவரை நினைத்து இரங்கும் பாட்டுகள், புறநானூற்றில் இருக்கின்றன. 232-ஆம் பாட்டில், காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும், நான் வாழும் நாளும் வேண்டாம் என்று தொடங்கி, மலை உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இப்போது நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார். நம் அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்தால் அந்தப் பாட்டு ஞாபகம் வராமல் இருக்காது. ஔவைக்காவது அடித்துச் சொல்ல ஒரு கல் இருந்தது. ஆள் போய்விட்டான், கல் இங்கே நிற்கிறது, முடிந்தது கணக்கு. வாட்டர்ஸுக்குக் கல் இல்லை. ஆள் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், அவருக்கு எங்கே போய்ப் பீலி சூட்டுவது? இரண்டு பாட்டில் எது பெரியது என்று கேட்டால், ஊர்ப்பாசம் வேறு, ஔவைதான் என்பேன். எது கஷ்டமானது என்று கேட்டால் இந்தத் தட்டு.

தலைப்புப் பாட்டுக்கு வருவோம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது. இதில் மைக் செட்காரன் மட்டும் சந்தோஷப்படக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. முந்தைய பாட்டு முடிகிற இடத்தில் முழுச் சத்தமும் திடீரென்று சுருங்கி, ஒரு சின்ன ரேடியோவுக்குள் போய்விடுகிறது. அப்புறம் யாரோ ஸ்டேஷன் திருப்புகிறார்கள். பேச்சு வருகிறது, சாய்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியில் ஒரு துணுக்கு வருகிறது. கடைசியில் ஒரு பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் நிற்கிறது. அந்தக் கிட்டார் ஒலியின் பாஸையும் டிரெபிளையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடு அலைவரிசை மட்டும் மிச்சம். புளியமரத்தில் கட்டிய நம் குழாய் வழியாக, இரண்டு வயல் தாண்டி நின்று கேட்பது போலவே இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கிட்டார் சேர்கிறது. இது முழுசாக, பக்கத்தில் ஒலிக்கிறது. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் வாசிப்பவர் இருமுவதும் மூக்கை உறிஞ்சுவதும்கூடக் கேட்கும். ஒரு ஆள் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து, ரேடியோவில் வரும் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறான் என்று புரிகிறது. ரேடியோவில் வாசிப்பவனுக்கு இவன் இருப்பதே தெரியாது. இவன் எவ்வளவு அழகாகப் பதில் வாசித்தாலும் அந்தப் பக்கம் போகாது. பாட்டு இன்னும் ஒரு வார்த்தை பாடவில்லை, அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள்.

வார்த்தை வந்த பிறகு கேள்வியாகவே போகிறது. சொர்க்கம் எது நரகம் எது என்று உனக்குத் தெரியுமா, சிரிப்பு எது முகத்திரை எது என்று தெரியுமா என்று. சிட்டைக் கேட்கிற மாதிரி ஆரம்பித்து, போகப் போகத் தன்னையே கேட்டுக்கொள்வதாக எனக்குப் பட்டது. போரில் ஓரமாக நிற்கும் வேஷத்தைக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் கதாநாயக வேஷம் வாங்கிக்கொண்டாயா என்ற வரி, 1975-இல் கோடிக்கணக்கில் சம்பாதித்துவிட்டு ஸ்டுடியோவில் அடைந்து கிடந்த ஒருவர் தன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்? பிறகு அந்த மீன் தொட்டி. இரண்டு பேரும் வருஷக்கணக்கில் ஒரே தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். தூரம்தான் பிரித்தது என்றால் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம். ஒரே தொட்டிக்குள் இருந்துகொண்டு பார்க்கவில்லை என்றால் அதற்கு எந்த பஸ்? சுவரோடு சுவர் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, இருபது வருஷம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

இதில் கொடுமை என்னவென்றால், பாடியவர்களும் பிறகு அப்படித்தான் ஆனார்கள். வாட்டர்ஸ் 1985-இல் விலகி, குழுவின் பெயருக்காக வழக்கு வரை போனார். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காக நால்வரும் ஒரு முறை சேர்ந்து நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள். மூன்று வருஷத்தில், 2008 செப்டம்பரில், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் இறந்துபோனார். அந்த ரைட்தான் தட்டின் கடைசியில், 'ஷைன் ஆன்' தேய்ந்து மறைகிற இடத்தில், சிட் 1967-இல் எழுதிய ஒரு பழைய பாட்டின் மெட்டை ஒரு கீற்று வாசித்துவிட்டுப் போகிறார். வால்யூமைக் கூட்டி வைத்தால்தான் பிடிபடும்.

நடுவில் இரண்டு பாட்டு உண்டு. 'வெல்கம் டு தி மெஷின்' எனக்கு ஒட்டவில்லை. இயந்திரச் சத்தம் அதிகம், சொல்லவந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு ஏழு நிமிடம் ஓட்டுகிறார்கள். 'ஹேவ் எ சிகார்' பரவாயில்லை, சிரிப்பு வருகிறது. அதில் பேசுவது ரெக்கார்டு கம்பெனி முதலாளி. வாயெல்லாம் பல்லாகப் புகழ்ந்துவிட்டு, உங்களில் பிங்க் யார் என்று கேட்கிறார். குழுவின் பெயரை ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! முகூர்த்தம் முடிந்து பணம் எண்ணிக் கொடுக்கும்போது, "தம்பி, நீங்க பந்தலா மைக்கா?" என்று கேட்பவர்களை எனக்கும் தெரியும். இதைப் பாடியவர் குழுவைச் சேர்ந்தவரே இல்லை. வாட்டர்ஸின் குரல் ஒத்துழைக்காததால், பக்கத்து ஸ்டுடியோவில் இருந்த ராய் ஹார்ப்பரைக் கூப்பிட்டுப் பாடவைத்தார்கள். ஆள் இல்லாமையைப் பற்றிய தட்டில் பாடகரே ஆள் மாற்று!

அட்டைப் படம் தனியாகச் சட்டம் போட்டு மாட்டலாம். கோட்டு சூட்டு போட்ட இருவர் கை குலுக்குகிறார்கள், ஒருவர் எரிந்துகொண்டிருக்கிறார். ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவின் ஸ்டார்ம் தோர்கர்சன் யோசனை. கணினி வித்தை கிடையாது, ரோனி ராண்டெல் என்ற ஸ்டண்ட் நடிகரை நிஜமாகவே பற்றவைத்து எடுத்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்து அவர் மீசை பொசுங்கிவிட்டதாம். 1975-இல் இந்தப் படத்தையே கறுப்பு பிளாஸ்டிக்கில் மூடித்தான் விற்றார்கள். இவ்வளவு செலவழித்து எடுத்துவிட்டு அதை மூடி விற்கிற தைரியம் இன்றைக்கு யாருக்கு வரும்?

இனி வாங்குகிறவர்களுக்கு. வீட்டில் தாத்தா காலத்து ப்ளேயர் இருக்கிறது என்று இந்தத் தட்டை அதில் ஏற்றாதீர்கள். பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்தியிருக்கும் தலை) ஐந்து கிராமுக்கும் மேல் அழுத்தும், தட்டின் கோட்டைத் தின்றுவிடும். இப்போது வருகிற மேக்னெடிக் கார்ட்ரிட்ஜில் முள்ளின் அழுத்தம் இரண்டு கிராம் அளவில்தான். ஆனால் அதன் சிக்னல் ரொம்ப மெலிசு, அதைப் பெரிதாக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் சாக்கெட்டில் சொருகினால் எறும்பு பேசுகிற சத்தம்தான் வரும். மருமகன் தன் பழைய ப்ளேயரையும் கொடுத்ததால் நான் தப்பித்தேன். இன்வெர்ட்டர் லைனில் போட்டுக்கொள்வது நல்லது. மெதுவான பாட்டின் நடுவே கரண்ட் போய், கில்மோர் அப்படியே கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இழுத்துக்கொண்டு நின்றதைக் கேட்க வேண்டும்.

அச்சு சுத்தம். முதல் எட்டு நிமிட அமைதியில் உரசல் சத்தம் அநேகமாக இல்லை, இந்தத் தட்டுக்கு அதுதான் பரீட்சை. என் பிரதியில் இரண்டாம் பக்கம் லேசாக வளைந்திருக்கிறது, ஆனால் முள் தாவவில்லை. போனில் இலவசமாகக் கேட்கலாமே என்றால் தாராளமாகக் கேட்கலாம். இருமல் சத்தம் மட்டும் கேட்காது. ஐந்துக்கு நான்கரை போடுகிறேன், குறைத்த அரை 'மெஷின்' பாட்டுக்கு. கூட்டமாக உட்கார்ந்து கேட்கவோ, வேலை செய்துகொண்டே ஓடவிடவோ இது சரிப்படாது. சாவு வீட்டுக்கு நிச்சயம் வேண்டாம்.

சாவு வீட்டுக்கு ஏற்றது வேண்டும் என்றால் அது முந்தைய தட்டில் இருக்கிறது, 1973-இல் வந்ததில். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்று ஒரு பாட்டு, சாவைப் பற்றியது, பாடுகிற குரலில் வார்த்தையே கிடையாது. கிளேர் டோரி என்ற பெண் வாயைத் திறந்து அழுகிறார், கெஞ்சுகிறார், அடங்குகிறார். போனில் கேட்டதற்கே எனக்குப் புல்லரித்தது. அதற்கு அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. முப்பது வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2005-இல் சமரசமாகித்தான் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது. ராத்திரி முழுக்கத் தொண்டை கட்ட ஒப்பாரி பாடிவிட்டு, விடிந்ததும் கூலிக்கு நிற்கிற அம்மாக்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார்கள்.

அந்தத் தட்டை நானே காசு போட்டு வாங்குவதாக இருக்கிறேன். அதில் 'டைம்' என்ற பாட்டுக்கு முன்னால் கடிகாரக் கடையில் பதிவு செய்த அத்தனை அலாரமும் ஒரே நேரத்தில் அடிக்கும் என்று மருமகன் எச்சரித்திருக்கிறான். பக்கத்து வீட்டு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.